கிழக்கே ஆணி போதும்

நொச்சிக்கரட்டில் காற்று என்றால் அது மேற்கேயிருந்துதான் வர வேண்டும். ஆடி பிறந்ததும் பழனிப் பக்கமிருந்து கிளம்பி, வெட்டவெளியில் தடுப்பார் இல்லாமல் ஓடிவந்து, குஜிலியம்பாறைக் காடுகளில் மண்ணை வாரி இறைக்கும் மேல்காற்று. அதற்குப் பயந்து அந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் மேற்குச் சுவரைக் குருட்டுச் சுவராகத்தான் வைப்பார்கள். சன்னல் கிடையாது, ஒரு மாடக்குழிகூடக் கிடையாது. மேற்கே கூரையைத் தாழ இறக்கிக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். கிழக்கே மட்டும் வாயைப் பிளந்து வைத்திருப்பார்கள். கிழக்கேயிருந்து வருவது கொண்டல். அது மழையைக் கொண்டுவருகிற காற்று, பிறந்த வீட்டுச் சீர் மாதிரி வாசல் திறந்து வாங்கிக்கொள்ள வேண்டிய காற்று. கொண்டல் ஆளைக் கொல்லும் என்று சொன்னால் அந்த ஊரில் சிரிப்பார்கள்.

கொன்றது. போன மார்கழியில், தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலின் வால் இந்தப் பக்கமும் ஒரு வீசு வீசிவிட்டுப் போனது. காலனிக் குடிசைகளில் கீற்று பிய்ந்து பறக்க ஆரம்பித்ததும் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. யாரையும் கேட்காமல் அவர்கள் நுழையக்கூடிய கெட்டிக் கட்டடம் ஊரில் அது ஒன்றுதான். கிழக்கு பார்த்த திறந்த தாழ்வாரத்துக்குள் காற்று புகுந்தது. புகுந்ததற்கு வெளியேற வழியில்லை, மேற்கே குருட்டுச் சுவர். அடியிலிருந்து முதுகு கொடுத்துக் கூரையைத் தூக்கியது. தகரங்கள் பறந்துபோய் மேற்கே சோளத்தட்டைக்குள் விழுந்தன. கூரையைத் தாங்கிய கைமரம் சரிந்ததில் காலனிப் பெண் பொன்னழகின் மாமனார் அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தார். பொன்னழகு முட்டிக்குக் கீழே கால் நசுங்கி, திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்து, வளைந்த காலோடு ஊர் திரும்பினாள்.

மேகாத்து சுத்தியடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. மேல்காற்று அடித்திருந்தால் தகரம் கிழக்கேயல்லவா போய் விழுந்திருக்க வேண்டும், மேற்கே எப்படிக் கிடக்கிறது என்று தலைமையாசிரியை லூர்தம்மாள் கேட்டுப் பார்த்தாள். காத்துன்னா சுத்தாதா டீச்சரம்மா என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

லூர்தம்மாளுக்கு நாற்பது வயசு தாண்டிவிட்டது. திண்டுக்கல் மேட்டுப்பட்டிக்காரி. புருஷன் தோல் பதனிடுகிற ஷாப்பில் கணக்கெழுதுகிறார். இவள் வாரம் முழுக்க நொச்சிக்கரட்டில் ஒரு வாடகை அறையில் கிடந்து, சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய், ஞாயிறு பூசை பார்த்து, துணி துவைத்து, திங்கள் விடிய மறுபடி பஸ் ஏறுகிறவள். இது அவளுக்கு ஐந்தாவது ஊர். ஒவ்வொரு ஊரிலும் கரும்பலகைக்கும் குடிதண்ணீருக்கும் கக்கூசுக்கும் யாரையாவது கேட்டுக் கேட்டே அவள் தொண்டை தேய்ந்துபோயிருந்தது. இனி எதையும் கேட்பதில்லை என்று நினைத்துத்தான் இந்த ஊருக்கு வந்தாள். ஆனால் அந்த மார்கழிக் காலையில் கைமரத்தைத் தூக்கிப் பிடித்தவர்களில் அவளும் ஒருத்தி. அடியில் பொன்னழகு கத்தவில்லை. என் மாமனைப் பாருங்க, என் மாமனைப் பாருங்க என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் குரல் காதில் இருக்கும்வரை புதுக் கூரையைப் பற்றிக் கேட்காமல் இருக்க லூர்தம்மாளால் முடியவில்லை.

ஆடியில் புதுக் கூரை ஏறியது. கான்ட்ராக்டர் மலைச்சாமி நல்ல வேலைக்காரன்தான், அதில் குற்றம் சொல்ல முடியாது. மேற்குப் பக்கம் தகரத்தைத் துளைத்து, அடியில் இருக்கும் சட்டத்தை வளைத்துப் பிடிக்கிற கொக்கி போல்ட்டுகளைச் சாணுக்கு ஒன்றாக இறக்கி, மரை முறுக்கி, தார் வைத்து அடைத்தான். ஒரு யானையைக் கட்டி இழுத்தாலும் அந்தப் பக்கம் அசையாது. கிழக்குப் பக்கம் வந்ததும் சுத்தியலை எடுத்து வெறும் ஆணியை அடித்துக்கொண்டே போனான்.

லூர்தம்மாள் கீழே நின்று, அங்கே போல்ட்டு இல்லையா என்று கேட்டாள்.

"கிழக்கே ஆணி போதும் டீச்சரம்மா. கொண்டல் என்ன செய்யப் போகுது, சும்மா தடவிட்டுப் போகும்."

"போன வருசம் தடவிட்டுத்தான் போச்சா?"

"அது மேகாத்து."

"மேகாத்துக்கு மார்கழியில என்ன வேலை இங்கன?"

மலைச்சாமி வாயிலிருந்த ஆணிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கோபப்படாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். அவனும் அவன் அப்பனும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் போடாத கூரை இல்லையாம். கிழக்கே போல்ட்டு போட்டால் பார்க்கிறவன் சிரிப்பானாம். படிச்சவுக நீங்க, பாடத்தைப் பாருங்க, மேலே நான் பார்த்துக்கிறேன் என்றான். அவன் கிண்டல் பண்ணியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் மனசார நம்பினான். அதுதான் அவளைச் சோர வைத்தது. திருடனோடு சண்டை போடலாம். நம்புகிறவனை என்ன செய்வது?

கூரையைப் பார்த்துப் போக ஓவர்சியர் கிதர் முகம்மது வந்தபோது அவரிடம் சொன்னாள். அவர் குஜிலியம்பாறை வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து வாடகைச் சைக்கிளில் எதிர்க்காற்றை மிதித்து வருகிறவர். எத்தனையோ பள்ளிக்கூடம், எத்தனையோ கிணறு, எத்தனையோ பாலம், எல்லாவற்றுக்கும் அவர் ஒருத்தர். வந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து செத்த நேரம் மூச்சு வாங்கினார். பிளானில் நாலு பக்கமும் போல்ட்டு என்றுதான் போட்டிருக்கிறது, தாழ்வாரத்துக்குப் பாதிச் சுவரும் உண்டு என்றார்.

"காத்து தள்ளும்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்கம்மா. தள்ளுற காத்தை நம்ம சுவர் தாங்கிக்கும். இது தூக்குற காத்து. கூரையைக் கீழ இழுத்துப் பிடிக்கணும், அம்புட்டுதான் விசயம். அது எந்தத் திசையா இருந்தா என்ன."

எழுந்துபோய் மலைச்சாமியைச் சத்தம் போட்டார். மலைச்சாமி துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு, போல்ட்டு தீர்ந்துபோச்சுங்க, வந்ததும் மாட்டிவிடுகிறேன் என்றான். பாதிச் சுவருக்கும் செங்கல் வரவில்லையாம். ஓவர்சியர் சைக்கிளில் ஏறிப் போனார். போல்ட்டு வரவில்லை. செங்கல்லும் வரவில்லை. ஆவணியில் வாழைமரம் கட்டி, பூசணிக்காய் உடைத்து, பஞ்சாயத்துத் தலைவர் மொக்கைச்சாமி தன் பெயர் செதுக்கிய கல்லைத் திறந்து வைத்தார். லூர்தம்மாள் அவரிடமும் போய்க் கேட்டாள். அவர் மரியாதையாக உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, மேக்கே பூரா இரும்பு போட்டாச்சே, இனி என்ன பயம் என்றார். ஒருத்தர் விடாமல் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது புருஷன், சின்னாளப்பட்டிப் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொள், உன் தலையிலா விழப்போகிறது என்றார். என் தலையில்தான் விழும், நான்தானே அதற்கு அடியில் நிற்கிறேன் என்று சொல்ல நினைத்தாள். பேசக்கூடத் தெம்பு இல்லாமல் மீன் குழம்பைச் சூடு பண்ணப் போய்விட்டாள்.

ஐப்பசி பாதியில் பஞ்சாயத்து ரேடியோ சொன்னது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், கரையைக் கடக்கும், உள் மாவட்டங்களிலும் பலத்த காற்று. சந்தை மல்லி விலை கேட்க நின்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு, நல்லது, கம்மாய் ரொம்பும் என்றார்கள்.

மறுநாள் காலையில் வானம் கறுத்து, கிழக்கேயிருந்து வீச ஆரம்பித்தது. முதலில் சாதாரணக் கொண்டல்தான். பத்து மணிப் பாடம் முடிவதற்குள் தாழ்வாரத்தின் வழியே உள்ளே வந்து, பிள்ளைகளின் சிலேட்டுத் துணிகளை வாரிக்கொண்டு, உச்சியில் போய் முட்டியது. தலைக்கு மேலே கிழக்கு ஓரத் தகரம் ஒரு தடவை 'டப்' என்று எழும்பி உட்கார்ந்தது. மறுபடி எழும்பியது. லூர்தம்மாள் பாடத்தை நிறுத்தினாள். ஊர்ப் பிள்ளைகளை ஓட்டு வீடுகளுக்கு அனுப்பினாள். காலனிப் பிள்ளைகளை அனுப்புவதற்கு முன்னாலேயே காலனி இங்கே வந்துவிட்டது. ஆணும் பெண்ணும், கோழியும் ஆடும், மூட்டையும் முடிச்சுமாக. கீற்று பிய்ந்துவிட்டதாம். முன்னால் பொன்னழகு கம்பை ஊன்றி வந்தாள்.

லூர்தம்மாள் பள்ளிக்கூடக் கதவைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படியில் நின்றாள்.

திறக்க மாட்டேன் என்றதும் சனத்துக்கு விளங்கவில்லை. புதுக் கட்டடமாச்சே என்றான் ஒருத்தன். எங்களுக்குன்னாத்தான் பூட்டுவாக என்றாள் ஒரு கிழவி. அது லூர்தம்மாளைக் கத்தியால் குத்தின மாதிரி இருந்தது. விளக்கம் சொல்ல நேரமில்லை. இந்தக் கூரையில் கிழக்கே வெறும் ஆணிதான் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். பொன்னழகு அண்ணாந்து பார்த்தாள். மேலே தகரம் இன்னொரு தடவை எழும்பி உட்கார்ந்தது. அதற்கு மேல் அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப எங்கிட்டுப் போக?" என்றாள்.

போக இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மொக்கைச்சாமியின் புகையிலைக் கிட்டங்கி. ஊருக்குத் தெற்கே, இடுப்பளவு கருங்கல் எழுப்பி, மேலே செங்கல் வைத்து, நாலு பக்கமும் அடைத்துக் கட்டிய நீளமான கட்டடம். காலனிப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் வேலை பார்த்தார்கள். காலையில் பக்கக் கதவு வழியே போய், இலை பிரித்து, காம்பு கிள்ளி, முடிச்சுக் கட்டி, அடுக்கைப் புரட்டிப் போட்டு, சாயங்காலம் அதே கதவு வழியே வெளியே வருவார்கள். கால் போவதற்கு முன்னால் பொன்னழகும் அங்கேதான் இருந்தாள்.

மழை சாய்வாக அடித்தது. எல்லோரும் நனைந்துகொண்டே கிட்டங்கிக்குப் போய் நின்றார்கள். தகவல் தெரிந்து மொக்கைச்சாமி குடையோடு வந்தார். காற்றில் குடை புரண்டுவிட்டது. லூர்தம்மாள் விஷயத்தைச் சொன்னாள். அவர் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்றார். அதன் கூரை நிற்காது என்றாள். அவர் சனத்தைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார்.

"வேலைக்கு வாரது வேற, டீச்சரம்மா. குடும்பம் குட்டியோட வந்து உள்ள இறங்குறது வேற. நாளைக்கு இந்தச் சரக்கை எவன் வாங்குவான்? எல்லாந் தெரிஞ்ச நீங்களே இப்படிக் கூட்டிட்டு வரலாமா?"

அவுக தொட்டுக் கட்டின சரக்குத்தானே அது என்று லூர்தம்மாள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பொன்னழகு கம்பை ஊன்றி முன்னால் வந்துவிட்டாள். குரலில் ஒரு சூடும் இல்லை. தினசரி வேலை கேட்கிற குரல்தான்.

"சாமி, கொண்டல் ஈரம் உள்ள ஏறிருச்சுன்னா அடுக்கு பூரா பூத்துப் போகும்ல. புரட்டிப் போட ஆள் வேணுமே. அதுக்குத்தேன் வந்துருக்கோம்."

"ஆம்பளைக எதுக்குடி?"

"அடுக்கு கனமாச்சே, சாமி. தூக்கணும்ல."

"புள்ளைக?"

"புள்ளைகளை வீட்டுல விட்டுட்டுத்தேன் வந்திருப்போம். வீடு இல்ல."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மொக்கைச்சாமிக்கும் அது தந்திரம் என்று தெரியும். ஆனால் ஈரம் ஏறினால் புகையிலை பூஞ்சை பூத்துப் போகும் என்பதும் பொய்யில்லை. அன்றைக்கு வேறு ஆள் கிடைக்கப்போவதும் இல்லை. வேலைக்கு என்று வந்தவர்களை உள்ளே விடுவதில் அவருக்கு ஒரு குறைச்சலும் இல்லை. சாக அஞ்சி வந்தவர்களை விடுவதில்தான் குறைச்சல். பக்கக் கதவைத் திறக்கச் சொன்னார். ஆடு மட்டும் வெளியே என்றார்.

உள்ளே காற்றின் சத்தம் பாதியாகக் குறைந்தது. புகையிலை நெடி கண்ணைக் கரித்தது. பிள்ளைகள் மாற்றி மாற்றித் தும்மினார்கள். இரண்டு பேர் தலை சுற்றி வாந்தி எடுத்தார்கள். பெண்கள் நிஜமாகவே அடுக்கைப் புரட்ட ஆரம்பித்தார்கள். கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

லூர்தம்மாள் ஒரு தூணில் சாய்ந்து, பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தாள். கிழக்குச் சுவரை ஒட்டித் தகரத்தின் கீழே சட்டத்தை வளைத்துப் பிடித்தபடி வரிசையாகக் கொக்கிகள் இறங்கியிருந்தன. சாணுக்கு ஒன்று. துருப்பிடிக்காத புது இரும்பு. அடைத்த தார்கூட இன்னும் கறுப்பு மாறவில்லை. செத்த நேரம் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஓடியது. கிழக்கே போல்ட்டு போட்டால் பார்க்கிறவன் சிரிப்பான் என்று சொன்னவன்தான் இதையும் போட்டிருக்கிறான். கொண்டல் தடவிக்கொடுக்கிற காற்று என்பது மனுசருக்குச் சொல்கிற கதை. புகையிலைக்கு அந்தக் கதையை யாரும் சொல்லவில்லை.

பொன்னழகு அவள் பார்வையைத் தொடர்ந்து மேலே பார்த்தாள். என்ன அது என்று கேட்டாள். லூர்தம்மாள் சொன்னாள். பொன்னழகு வளைந்த காலைத் தடவிக்கொண்டாள்.

"புகையிலை நனைஞ்சா விலை போகாது" என்றாள். அவ்வளவுதான்.

பொழுது சாய்வதற்குள் காற்று வடக்கே திரும்பித் தணிந்துவிட்டது. வெளியே வந்தபோது பள்ளிக்கூடக் கூரை அப்படியே இருந்தது. நாலைந்து ஆணிகள் விரற்கடை அளவு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. கீழேயிருந்து பார்த்தால் அது தெரியாது. ஒரு தகரம்கூடப் பறக்கவில்லை என்பதுதான் தெரியும்.

அன்றைக்கு ஊர் சிரித்த சிரிப்பை லூர்தம்மாள் ரொம்ப நாள் கேட்க வேண்டியிருந்தது. வாத்தியாரம்மா காத்துக்கே பாடம் சொல்லிக் கொடுக்குதாமே என்றார்கள். மலைச்சாமி, நான்தான் சொன்னேனே, தடவிட்டுப் போகும்னு என்றான். மிச்ச போல்ட்டு எங்கே போனது என்று கேட்டாள். மிஞ்சினது, தலைவர் கேட்டார், கொடுத்தேன் என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னான். காலனியில் இன்னும் மோசம். நெடியில் மயங்கின பிள்ளைகள் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. நாள் முழுக்க அடுக்குப் புரட்டினதற்குக் கூலி கிடையாது, மழைக்கு ஒதுங்க விட்டதுதான் கூலி என்று கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டார். சும்மா கிடந்த சனத்தை டீச்சரம்மா இழுத்துட்டுப் போய் அவமானப்பட வைத்துவிட்டது என்று அவள் காதுபடவே பேசினார்கள். அந்தக் கிழவி அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லூர்தம்மாள் யாரையும் குறை சொல்லவில்லை. கூரை பறந்திருந்தால் அவள் சொன்னது சரி. பறக்காததால் அவள் சொன்னது தப்பு. பறந்திருக்க வேண்டும் என்று அவளால் வேண்டிக்கொள்ளவும் முடியாது.

மாற்றல் கேட்டுவிடலாம் என்று அந்த வாரம் அவள் முடிவு பண்ணிவிட்டாள்.

திங்கட்கிழமை பஸ் இறங்கி வந்தபோது பள்ளிக்கூடக் கூரைமேல் மலைச்சாமி இருந்தான். கிழக்கு ஓரத்தில் ஆணிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தகரத்தைத் துளைத்து, ஒவ்வொரு போல்ட்டாக இறக்கிக்கொண்டிருந்தான். தாழ்வாரத்தின் முன்னால் ஒரு வண்டிச் செங்கல் கொட்டிக் கிடந்தது. லூர்தம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டு, ஓவர்சியர் வந்தாரா என்று கேட்டாள்.

"அவரு எங்க வந்தாரு" என்றான் மலைச்சாமி. "தலைவர்தான் ராத்தூக்கம் இல்லாமக் கெடக்காரு. அடுத்த காத்துக்கு அந்தச் சனம் நேரா கிட்டங்கிக்குத்தான் வருமாம், ஒரு தடவை கதவு தெறந்தாச்சுன்னா அப்புறம் மூட முடியாதாம். பள்ளிக்கூடத்தை இறுக்கிக் கட்டு, எவனும் என் பக்கம் வரக்கூடாதுன்னுட்டாரு. போல்ட்டு, செங்கல் எல்லாம் அவரு சொந்தச் செலவு, டீச்சரம்மா. பெரிய மனசு."

பெரிய மனசு. லூர்தம்மாள் அந்த வார்த்தையை வாயில் போட்டுப் பார்த்தாள். புகையிலை மாதிரி கரித்தது. ஒரு கிழவர் செத்ததற்கு இந்தப் போல்ட்டு வரவில்லை. ஒருத்தியின் கால் போனதற்கு வரவில்லை. பிளானில் போட்டிருந்ததற்கும், ஓவர்சியர் சத்தம் போட்டதற்கும், இவள் படியேறி இறங்கியதற்கும் வரவில்லை. அந்தச் சனம் ஒரு பகல் முழுக்க உள்ளே உட்கார்ந்திருந்தது என்பதற்கு வந்திருக்கிறது. வேண்டாம், கீழே இறங்கு என்று சொல்லிவிட வேண்டும் போல ஒரு வெறி அவளுக்குள் எழுந்தது. சொன்னால் யாருக்கு நட்டம்?

செய்தி கேட்டுப் பொன்னழகு வந்து பக்கத்தில் நின்றாள். மலைச்சாமி சொன்னதை லூர்தம்மாள் அவளுக்குச் சொன்னாள். அவள் கம்பை ஊன்றிக் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"எதுக்குப் போட்டா என்ன டீச்சரம்மா. போடட்டும். நல்லா முறுக்கச் சொல்லுங்க."

மேலே மலைச்சாமி ஒரு மரையை அரைகுறையாகத் திருகிவிட்டு அடுத்ததற்குப் போனான். லூர்தம்மாள் அண்ணாந்து, அதை இன்னும் இரண்டு சுற்று முறுக்கு என்றாள். முறுக்கியாச்சு என்றான். முறுக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள். அவன் முனகிக்கொண்டே திரும்பி வந்து முறுக்கினான்.

மணி அடிக்க நேரமாகிவிட்டது. பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, கூரையின் கிழக்கு ஓரம் நன்றாகத் தெரிகிற இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். இன்னும் பாதிக்கு மேல் மீதி இருந்தது.